வாடகைக் கொட்டகையை நம்பி ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனி: 'அவ்வை' சண்முகம் நடத்திய 25 வருஷப் போராட்டம்

பள்ளிப்பட்டு:-

சென்னை ராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமைக் கழகம் இருக்கும் சாலைக்குப் பெயர் அவ்வை சண்முகம் சாலை. பழைய பெயர் லாயிட்ஸ் ரோடு. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி பக்கத்தில் இருந்து கூட்டத்துக்கும் வேலைக்கும் அந்த வழியாகப் போய் வந்தவர்கள் ஏராளம். 1996-ல் கமல்ஹாசன் மாமி வேஷம் போட்டு நடித்த 'அவ்வை சண்முகி' படத்தின் பெயரும் இதே பெயரை வைத்து வந்ததுதான்.

ஆனால் அந்த சண்முகம் யார் என்று கேட்டால் இன்றைக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. அரசியல்வாதியோ, பணக்காரரோ என்று நினைப்பவர்களும் உண்டு.

அவர் ஒரு நாடக நடிகர். பெயர் டி.கே.சண்முகம். அண்ணன் தம்பிகள் நாலு பேராகச் சேர்ந்து ஒரு நாடகக் கம்பெனியை வாடகைக் கொட்டகைகளிலேயே 25 வருஷத்துக்கு மேல் நடத்திக் காட்டியவர். அந்தக் கம்பெனி எப்படி ஊர் விட்டு ஊர் போனது, எதனால் நின்றது என்ற விவரம் வருமாறு:-

6 வயதில் மேடை

டி.கே.சண்முகம் 1912-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தார். அப்பா கண்ணுசாமி பிள்ளையும் நடிகர்தான். பெண் வேஷம் கட்டுவதில் பெயர் பெற்றவர். மூத்த அண்ணன் டி.கே.சங்கரன், அடுத்தவர் டி.கே.முத்துசாமி, மூன்றாவது சண்முகம், கடைசித் தம்பி டி.கே.பகவதி. இந்த நாலு பேரைத்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடு அறியும்.

1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்று ஒரு கம்பெனி தொடங்கியது. அதற்கு வாத்தியார், நாடகத் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள். அதில் 6 வயதுப் பையனாக சண்முகம் சேர்ந்தார். அண்ணன்மாரும் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் இதற்கு 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். ராஜா, ராணி, தோழி, காவல்காரன் எல்லாமே சின்னப் பசங்கதான். சண்முகத்துக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் பேசப்படும் செய்தி.

1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். கம்பெனி முகாம் போட்ட ஊரில்தான் வாத்தியாருக்கும் வைத்தியம், சாவு எல்லாம். சொந்த ஊர் என்று ஒன்று நாடகக்காரனுக்குப் பேச்சுக்குத்தான் இருந்தது.

கூத்து ஜமாவும் நாடகக் கம்பெனியும்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் திரவுபதி அம்மன் கோவில் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு. கூத்து ஜமா எப்படி வேலை செய்கிறது என்று நம்ம ஜனங்களுக்குத் தெரியும். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்தால் ஜமா வந்துவிடும். கோவில் வெளியில் ஆடும். சோறு ஊர் போடும். திருவிழா முடிந்தால் பேசின பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

நாடகக் கம்பெனி சமாச்சாரம் வேறு. அது ஒரு ஊரில் இறங்கினால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே முகாம். கொட்டகை ஒன்று வேண்டும். நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சீன் தள்ளுகிறவர்கள், சமையல்காரர்கள் என்று அத்தனை பேரும் தங்க 'கம்பெனி வீடு' ஒன்று வேண்டும். நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூன்று வேளையும் உலை வைத்தாக வேண்டும்.

முதலில் கூட்டம் அலைமோதும். நாடகங்கள் ஒரு சுற்று வந்ததும் டிக்கெட் விற்பனை இறங்கும். அப்போது முதலாளி அடுத்த ஊரைப் பார்த்தாக வேண்டும். நல்ல வசூல் நடக்கும்போதே அடுத்த ஊர்க் கொட்டகையைப் பேசி வைத்தால் பிழைத்தார். வசூல் விழுந்த பிறகு தேடப் போனால் கொட்டகைக்காரர் சொன்னதுதான் கணக்கு.

மூன்று விதமான பேரம்

கொட்டகை பிடிப்பதில் பொதுவாக மூன்று விதமான பேரம் இருந்தது.

முதலாவது, நாள் வாடகை அல்லது மாத வாடகை. வசூல் வந்தாலும் வராவிட்டாலும் வாடகையைக் கட்ட வேண்டும். மழை பெய்தால் நஷ்டம் முழுக்க கம்பெனிக்கு.

இரண்டாவது, வசூலில் பங்கு. கொட்டகைக்காரரும் கம்பெனியும் பிரித்துக்கொள்வார்கள். வாசலில் டிக்கெட் கிழிக்கிற இடத்தில் இரண்டு பக்கத்து ஆளும் உட்காருவார்கள். கணக்கில் தகராறு வந்தால் அடுத்த நாள் விளக்கு எரியாது.

மூன்றாவது, கான்டிராக்ட். அந்த ஊர் ஆள் ஒருவர் இத்தனை நாடகத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி கம்பெனியை வரவழைப்பார். லாபமும் நஷ்டமும் அவருக்கு. முன்பணம் கைக்கு வரும் என்பதால் கம்பெனிக்காரர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் கான்டிராக்டர் பாதியில் கையை விரித்தால் ஊர் பெயர் தெரியாத இடத்தில் அத்தனை பசங்களோடும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்டிராக்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் முன்பணம் வாங்கித் தறி ஓட்டுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. தறி அடுத்தவன் வீட்டில் இருந்தால் நெசவாளி எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் பேரத்தில் அவன் கை தாழ்ந்துதான் இருக்கும். நாடகக் கம்பெனிக்கு அந்தத் தறி, கொட்டகை.

1925-ல் சொந்தக் கம்பெனி

இத்தனையும் தெரிந்தேதான் சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். 1925-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி திருவனந்தபுரத்தில் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா' பிறந்தது. அப்போது சண்முகத்துக்கு 13 வயது கூட நிரம்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நிர்வாகம் பெரியண்ணன் சங்கரன் பொறுப்பு. நாடகம் எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும் முத்துசாமி. மேடையில் முன்னால் நிற்பது சண்முகமும் பகவதியும். நாலு பேர் குடும்பமும் ஒரே உலை.

அன்றைய பல கம்பெனிகள் பங்குதாரர் சண்டையிலேயே உடைந்தன. ஒரு முதலாளி நல்ல நடிகனைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடுவார். இன்னொருவர் சீன் துணிகளை மடக்கி வைத்துக்கொள்வார். இந்தக் கம்பெனியில் முதலாளிகள் நாலு பேரும் கூடப்பிறந்தவர்கள். அதனால் கஷ்டம் வந்தபோது கம்பெனி கைமாறவில்லை.

நாகர்கோவில் ஒழுகினசேரியைச் சேர்ந்த ஒரு ஏழைப் பையனும் இந்தக் கம்பெனியில் வந்து சேர்ந்தான். அவர்தான் பின்னாளில் கலைவாணர் என்று புகழ்பெற்ற என்.எஸ்.கிருஷ்ணன்.

ரெயிலில் ஏறிய அரண்மனை

ஒரு கொட்டகையில் இருந்து இன்னொரு கொட்டகைக்குப் போவது என்றால் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது மாதிரி அல்ல. அரண்மனை சீன், காட்டு சீன், தர்பார் சீன், சிம்மாசனம், உடுப்புப் பெட்டிகள், ஆர்மோனியம், விளக்குகள், சமையல் பாத்திரம் எல்லாம் போக வேண்டும். கூட்ஸ் வண்டியில் வேகன் பேச வேண்டும். ஆட்களுக்குத் தனியாக டிக்கெட்.

போதாக்குறைக்கு தெற்கே ஓடியது மீட்டர்கேஜ். சென்னையில் இருந்து ஈரோடு, கோவை பக்கம் ஓடியது அகலப்பாதை. ஒரு பாதையில் இருந்து இன்னொரு பாதைக்கு மாறும் இடத்தில் அத்தனை சாமானையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கூலி இரண்டு மடங்கு. சீன் துணி நனைந்தால் ஓவியருக்கு மறு செலவு.

இவ்வளவும் செலவழித்து இறங்கின ஊரில் சர்க்கார் தொல்லை வேறு. 1876-ம் வருஷத்து நாடகச் சட்டம் எந்த நாடகத்தையும் தடை செய்ய வெள்ளைக்காரன் கையில் கொடுத்த ஆயுதம். சுதந்திரப் போராட்ட நேரத்தில் இந்தச் சகோதரர்கள் 'கதரின் வெற்றி', 'தேசபக்தி' போன்ற நாடகங்களைத் துணிந்து போட்டார்கள். ஒரு நாடகம் தடைபட்டால் அன்றைய வசூல் போகும். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் நிற்காமல் ஓடும்.

ஒரு ஊர்க் கடனை அடுத்த ஊர் வசூலில் அடைப்பது, அந்த ஊரில் இருந்து கிளம்ப மறுபடி கடன் வாங்குவது. இப்படித்தான் அந்தக் காலத்துக் கம்பெனிகளின் வண்டி ஓடியது.

லண்டனிலும் இதே கதை

கொட்டகைக்காரனிடம் மாட்டிக்கொண்டது தமிழ்நாட்டு நடிகன் மட்டும் அல்ல. உலகப் புகழ் ஷேக்ஸ்பியர் இருந்த கம்பெனிக்கும் இதே கதிதான்.

1576-ல் ஜேம்ஸ் பர்பேஜ் என்ற நடிகர் லண்டனில் 21 வருஷக் குத்தகை மண்ணில் ஒரு நாடகக் கொட்டகை கட்டினார். 1597-ல் குத்தகை முடிந்தது. நிலத்துக்காரர் கைல்ஸ் ஆலன் புதுப்பித்துக் கொடுக்கவில்லை. கொட்டகையையும் சேர்த்து அமுக்கப் பார்த்தார். அந்த வருஷமே பர்பேஜும் இறந்துபோனார்.

அவர் மகன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1598 டிசம்பர் மாதக் கடைசியில் தச்சர் ஒருவரையும் ஆட்களையும் கூட்டிப் போய் கொட்டகையை மரம் மரமாகப் பிரித்துவிட்டார்கள். மண்தான் உன்னுடையது, மரம் எங்களுடையது என்பது அவர்கள் வாதம். அந்த மரங்களை தேம்ஸ் நதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் 1599-ல் எழுப்பியதுதான் புகழ்பெற்ற குளோப் தியேட்டர். அதில் பாதி பர்பேஜ் மகன்களுக்கு. மீதிப் பாதி ஷேக்ஸ்பியர் உள்பட 5 நடிகர்களுக்கு. நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை.

நடிகர்களே கொட்டகைக்குச் சொந்தக்காரர்கள் ஆனதால் அந்தக் கம்பெனி நிலைத்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ஆடியதோ வாடகைக் கொட்டகைகளில்.

பேசும் படம் வந்தது

1931-ல் முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' வெளியானது. அதோடு கொட்டகைக்காரர்களின் கணக்கு மாறியது.

நாடகம் என்றால் ராத்திரி ஒரே ஆட்டம். மேடை வேண்டும், உள்ளே அறைகள் வேண்டும், ஊரெல்லாம் கம்பெனி ஆட்கள். சினிமா என்றால் ஒரு பெட்டி ரெயிலில் வரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஆட்டம் ஓட்டலாம். பெட்டிக்குச் சோறு போட வேண்டாம். அதற்குக் காய்ச்சல் வராது. சம்பளம் கேட்காது.

ஒவ்வொரு ஊராக நாடகக் கொட்டகைகளில் வெள்ளைத் திரை ஏறியது. நாடகம் பார்க்க ஜனம் இருந்தது. ஆட இடம்தான் இல்லாமல் போச்சு.

இந்த நிலையில் சகோதரர்கள் ஒரு புது வியாபாரம் பேசினார்கள். வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவலில் இருந்து வந்த 'மேனகா' அவர்களுடைய வெற்றி நாடகம். அதைப் படமாக்கத் திருப்பூர் முதலாளிகள் முன்வந்தார்கள். கம்பெனி நடிகர்களே அதில் நடித்தார்கள். பம்பாயில் ராஜா சாண்டோ டைரக்சனில் தயாராகி 1935-ல் படம் வெளிவந்தது. சமூகக் கதையை வைத்து வந்த ஆரம்ப காலத் தமிழ்ப் படங்களில் இது முக்கியமானது. கலைவாணர் திரைக்கு வந்ததும் இந்தப் படத்தில்தான்.

படம் நல்ல பெயர் வாங்கியது. அங்கேயே சினிமாவில் உட்கார்ந்திருந்தால் சண்முகத்துக்கு நிம்மதியான பிழைப்பு. ஆனால் சகோதரர்கள் மறுபடியும் நாடகத்துக்கே திரும்பினார்கள். கம்பெனியை நம்பி இருந்த நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மேடைதான் சோறு. சினிமாவில் இடம் ஒன்றிரண்டு பேருக்குத்தான் கிடைக்கும்.

பாட்டி வேஷம் கொடுத்த பட்டம்

கொட்டகை கிடைக்காத காலத்தில் பழைய நாடகத்தையே போட்டால் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். புது சரக்கு வேண்டும். 'குமாஸ்தாவின் பெண்' நடுத்தரக் குடும்பத்தின் வரதட்சணைக் கஷ்டத்தைச் சொல்லிக் கூட்டத்தை இழுத்தது. 1941-ல் அது படமாகவும் வந்தது. கு.சா.கிருஷ்ணமூர்த்தியின் 'அந்தமான் கைதி' இந்தக் கம்பெனி மேடையில் நடந்து, பின்னால் 1952-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமானது.

1940-களின் தொடக்கத்தில் 'ஔவையார்' நாடகம் வந்தது. அப்போது சண்முகத்துக்கு வயது 30 வாக்கில். கூன் விழுந்த கிழவியாக அவர் மேடையில் நடந்து வந்ததைப் பார்த்து ஜனம் அசந்துபோனது. அன்று முதல் டி.கே.சண்முகம், அவ்வை சண்முகம் ஆனார். ஜனங்களே கொடுத்த பட்டம் அது.

கம்பெனியில் இருந்து போனவர்கள்

இந்தக் கம்பெனியில் சோறு தின்று வளர்ந்தவர்கள் பட்டியல் பெரியது. என்.எஸ்.கிருஷ்ணன், எஸ்.வி.சகஸ்ரநாமம், கே.ஆர்.ராமசாமி, எஸ்.எஸ்.ராஜேந்திரன், ஏ.பி.நாகராஜன் எல்லோரும் இங்கே இருந்தவர்கள்.

ஒரு நல்ல நடிகன் போனால் கம்பெனிக்கு அது பெரிய அடி. கான்டிராக்டர்கள் நடிகன் பெயரைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். ஆனாலும் ஒருவர் போக ஒருவரைப் புதிதாகத் தயார் செய்துகொண்டே கம்பெனி ஓடியது.

முதலாளி இல்லாத கம்பெனி என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் பக்கத்திலேயே இருந்தது. கலைவாணர் தனியாக நாடக சபா வைத்திருந்தார். 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். சபாவை சகஸ்ரநாமம் தாங்கிப் பிடித்தார். ஆனாலும் கே.ஆர்.ராமசாமி பிரிந்து போய் 'கிருஷ்ணன் நாடக சபா' என்று தனிக் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனிக்குத்தான் அண்ணா 'வேலைக்காரி', 'ஓர் இரவு' நாடகங்களை எழுதினார்.

1944-ம் ஆண்டு ஈரோட்டில் தமிழ் நாடகக் கலைக்கென்று மாநாடு ஒன்றை சகோதரர்கள் முன்னின்று கூட்டினார்கள். நாடகக்காரனைக் கூத்தாடி என்று ஒதுக்கிய காலத்தில், இதுவும் ஒரு தொழில், இதற்கும் பாதுகாப்பு வேண்டும் என்று ஊரறியப் பேச வைத்த மாநாடு அது.

முகாம் வாழ்க்கை முடிந்தது

நாளாக நாளாக 'பால' என்ற வார்த்தைக்குப் பொருத்தம் இல்லாமல் போனது. பசங்க வளர்ந்துவிட்டார்கள். கம்பெனி டி.கே.எஸ். நாடக சபா ஆனது.

1950-கள் வந்தபோது ஊர் ஊராக மாதக்கணக்கில் முகாம் போடும் பிழைப்பு ஓய்ந்துபோனது. பெரும்பாலான ஊர்களில் கொட்டகை சினிமாவுக்குப் போய்விட்டது. சும்மா இருக்கும் நாளுக்கும் அத்தனை பேருக்குச் சோறு போட எந்த முதலாளியாலும் முடியவில்லை. சகோதரர்கள் சென்னையில் நிலையாகத் தங்கி, அழைத்த இடத்தில் நாடகம் போட்டார்கள். அரு.ராமநாதன் எழுதிய 'ராஜராஜ சோழன்' 1955-ல் மேடை ஏறியது.

வடக்கே இந்தி நடிகர் பிருதிவிராஜ் கபூருக்கும் இதே நிலைமைதான். அவர் 1944-ல் பிருதிவி தியேட்டர்ஸ் தொடங்கி, சினிமாவில் சம்பாதித்ததை எல்லாம் அதில் போட்டு, 16 வருஷத்தில் 2,662 காட்சிகள் நடத்தினார். அவர் கம்பெனியும் ரெயிலில் ஊர் ஊராகப் போனதுதான். 1960-ல் அதுவும் மூடப்பட்டது.

சண்முகத்துக்கு 1962-ல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1971-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. குழந்தை நட்சத்திரமாக இருந்து வளர்ந்த கமல்ஹாசன் நாடகம் பழகியதும் இவரிடம்தான். 1972-ல் 'எனது நாடக வாழ்க்கை' என்ற புத்தகத்தை சண்முகம் வெளியிட்டார். பாய்ஸ் கம்பெனி காலத்தைப் பற்றி இன்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் தேடிப் போவது இந்தப் புத்தகத்தைத்தான்.

1973-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி அவ்வை சண்முகம் காலமானார். அடுத்த மாதமே, மார்ச் 31-ந் தேதி, சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. அதன் டைரக்டர், கம்பெனியில் பையனாக இருந்து பெண் வேஷம் கட்டிய ஏ.பி.நாகராஜன். தயாரிப்பாளர், சென்னை ஆனந்த் தியேட்டர் உரிமையாளர் உமாபதி.

சண்முகம் மேடையில் வளர்த்த நாடகம் கடைசியில் ஒரு தியேட்டர்காரர் கையால்தான் திரைக்குப் போனது.

நாடகக் கம்பெனிகளை வெளியே அனுப்பிய அந்தக் கொட்டகைகளும் தப்பவில்லை. வீட்டுக்கு வீடு டி.வி. வந்த பிறகு பழைய தியேட்டர்கள் பல கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிவிட்டன. கொட்டகையை நம்பாத கூத்து ஜமா மட்டும் திரவுபதி அம்மன் திருவிழாவுக்கு இன்றும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறது.